வீடு முழுவதற்கும் ஒரு சட்டி சாறு



நம் வீடுகளில் சூப் வைக்க வேண்டுமென்றால் அதற்கு முன் யாராவது படுத்தாக வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கோழிச் சாறு. பேறுகாலம் முடிந்து வந்த மகளுக்கு, மருந்துச் சாமான்கள் போட்ட செலவு ரசம். வழுக்கி விழுந்து கட்டுப் போட்டிருக்கும் மாமனாருக்கு ஆட்டுக்கால். படுத்தவர் ஒரு டம்ளர் குடிப்பார். மீதியை மறுநாள் சுட வைத்து அவருக்கே கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வாசனை மட்டும்தான். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாம்பாருக்கும் தக்காளி ரசத்துக்கும் திரும்பிவிடுகிறோம்.

இந்த வழக்கம் மாற வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. எலும்பும் தண்டும் கொள்ளும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற ஊரில், வீட்டிலுள்ள அத்தனை பேரும் வாரத்தில் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணம் சாறு குடிப்பதற்கு நோய் எதற்காக வர வேண்டும்? ஐப்பசி மழை இறங்கிவிட்டது. ஆறு மணிக்கே இருட்டுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நனைந்து, பசித்து வருகிறார்கள். இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தைச் சாற்றுச் சட்டிக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பரமத்தி வேலூரைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாற்றில் விழுகிற பொருளெல்லாம் ஊரிலிருந்துதான் வருகிறது, ஆகையால் இது வெறும் ஊர்ப் பெருமை இல்லை. மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரி கொடுமுடியைத் தாண்டி, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு மோகனூர் பக்கம் போகிறது. பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டம். ஜேடர்பாளையம் படுகையணையில் பிரிந்து வருகிறது ராஜா வாய்க்கால். அல்லாள இளைய நாயக்கர் வெட்டிக் கொடுத்தது என்று அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் மரவள்ளி, சோளம், கொள்ளு, ஆடு, கோழி. வேலூரில் வாழைத்தார் ஏலம் நடக்கிற நாளில் வந்தால் பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, பச்சைநாடன், மொந்தன் எல்லாம் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். வடகிழக்கே கொல்லிமலை, அங்கே மிளகு. ஆற்றுக்கு அக்கரையில் அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை. மாவட்டத் தலைநகரான நாமக்கல்லிலோ நாடு முழுவதற்கும் முட்டை.

அந்த முட்டையிலிருந்தே தொடங்குகிறேன். நாளிதழில் நாமக்கல் முட்டை விலைக்குக் கீழே இன்னும் இரண்டு விலை போட்டிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். ஒன்று கறிக்கோழி, மற்றொன்று முட்டைக்கோழி. கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் வளர்ந்து கடைக்கு வந்துவிடுகிற பிராய்லர். முட்டைக்கோழி அப்படியல்ல. பிறந்து நாலைந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கி, பண்ணையில் ஓராண்டுக்கு மேல் அன்றாடம் முட்டை கொடுத்து, முட்டை குறைந்ததும் கழித்துவிடப்படுகிற கோழி. அதற்கு அப்போது ஒன்றரை வயது ஆகியிருக்கும். கறி கெட்டி, சீக்கிரம் வேகாது. வறுவலுக்கு வாங்கிப் போனவர்கள் “ரப்பராட்டம் இருக்குதுங்க” என்று கடைக்காரரிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். அதனாலேயே பல வீடுகளில் அதற்கு மதிப்பில்லை.

சாற்றுக்கு அதைவிட நல்ல கோழி பண்ணையில் கிடையாது. கோழிக்கு வயது ஏற ஏற அதன் தசையையும் எலும்பையும் பிணைத்திருக்கிற இணைப்புத் திசு உரமேறுகிறது. அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம்தான் வறுவலில் ரப்பராகப் பல்லில் மாட்டுகிறது. அதே கொலாஜன் தண்ணீரில், சிறு தீயில், ஒன்றரை மணி இரண்டு மணி நேரம் கிடந்தால் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறிவிடுகிறது. சாறு உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, அது ஜெலட்டின். இரவு குளிர்பெட்டியில் வைத்த சாறு காலையில் கட்டியாக உறைந்து ஆடினால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். பிராய்லரில் இது எளிதில் அமைவதில்லை. எலும்பு தன் சாரத்தை விடுவதற்குள் கறி குழைந்து நார்நாராகிவிடும். நாட்டுக்கோழிதான் வேண்டும் என்கிறவர்கள் வாரச்சந்தையில் நல்ல சேவலாகப் பார்த்து வாங்குங்கள், மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்கோழி விலை எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. ஆறு பேர் உள்ள வீட்டில் வாரந்தோறும் சாறு வைக்க முட்டைக்கோழியே கைகொடுக்கும். நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வைக்கும் முறை இது. ஆறு பேருக்கு எலும்போடு ஒரு கிலோ கோழி போதும். கழுத்து, முதுகெலும்பு, கால் மூன்றையும் கேட்டு வாங்குங்கள், சாரம் அங்கேதான் இருக்கிறது. உரித்த கோழி வேண்டாம். மஞ்சள் தடவித் தீயில் வாட்டிய கோழி கிடைத்தால் தோலோடு போடலாம், வாட்டிய மணம் கடைசி வரை நிற்கும். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரில் கோழியைப் போட்டு, மஞ்சள்தூள் சேர்த்து, அடுப்பைச் சிறிதாக வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது. தண்ணீர் மெல்லச் சூடேறும்போது அழுக்கு நுரையாக மேலே திரளும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் சாறு தெளிவாக இருக்கும். எடுத்த எடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டால் நுரையும் கொழுப்பும் தண்ணீரோடு கலந்து கலங்கிப்போகும். நுரை எடுத்தபின் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை முழுசாகவும், பத்துப் பல் பூண்டையும், விரல் நீள இஞ்சியையும் தட்டிப் போட்டு, சட்டியை முக்கால்வாசி மூடி, ஓரத்தில் மட்டும் கொப்புளம் வருகிற அளவு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்கிற வாசகர்கள் இருப்பார்கள். தாராளமாக வைக்கலாம். குக்கருக்குள் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டி நூற்றிருபது வரை போவதால் கொலாஜன் சீக்கிரம் கரையும். ஏழெட்டு விசில் விட்டுச் சிறு தீயில் இன்னும் அரை மணி வைத்தால் போதும். கொஞ்சம் கலங்கலாக இருக்கும், ருசி குறையாது. தறிப் பட்டறையிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ ஆறரை மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் இரண்டு மணி நேரம் அடுப்படியில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மசாலாவை முதலிலேயே கொட்டிவிடாதீர்கள். இரண்டு தேக்கரண்டி கொல்லிமலை மிளகு, இரண்டு தேக்கரண்டி சீரகம், ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை. வெறும் சட்டியில் வறுத்து, கொரகொரவென்று அம்மியிலோ உரலிலோ இடித்து, இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போடுங்கள். மிளகின் காரம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் தங்கிவிடும். மணம் ஆவியோடு போய்விடும், அதனால்தான் கடைசியில் போடச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு மிளகு போடும் முன்பே தனியாக மொண்டு வைத்துவிடலாம். பிறகு கடலெண்ணெயில் கறிவேப்பிலையும் நறுக்கிய சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டி, உப்புப் போட்டு இறக்குங்கள். உப்பு எப்போதும் கடைசியில்தான். சாறு சுண்டச் சுண்ட உப்பும் ஏறிவிடும், முதலில் போட்டதைப் பிறகு திருத்த முடியாது.

கோழிச் சாறு சளிக்கு நல்லது என்று ஆத்தாமார் சொன்னதை அறிவியலாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவில் மயாமி பீச் நகர மருத்துவர்கள், சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்கில் சளி வேகமாக நகர்வதை அளந்து ‘செஸ்ட்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே இதழில் 2000-ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து நுரையீரல் மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்ட் இன்னொரு கட்டுரை எழுதினார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, மனைவி வீட்டில் பாட்டி காலத்திலிருந்து வந்த கோழி சூப். லித்துவேனியாவிலிருந்து வந்த குடும்பம். முற்றிய கோழி, வெங்காயம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், டர்னிப், செலரி, பார்ஸ்லி எல்லாம் போட்டது. சளி பிடிக்கும்போது மூக்கிலும் தொண்டையிலும் வந்து குவிந்து வீக்கத்தை உண்டாக்குகிற வெள்ளணுக்களின் நடமாட்டத்தை அந்த சூப் ஆய்வுக்கூடத்தில் ஓரளவு மட்டுப்படுத்தியது. ஆய்வுக்கூடத்துக் குழாயில் நடந்தது மனித உடம்பில் அப்படியே நடக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். எனக்கு இதில் பிடித்தது வேறு. கடல் கடந்த ஒரு பேராசிரியர் தன் மனைவி வீட்டுப் பாட்டியின் சட்டியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகிற அளவுக்கு மதித்தார். அவர் பட்டியலிலும் முதலில் நிற்பது முற்றிய கோழிதான்.

சைவ வீட்டுக்காரர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருப்பீர்கள். உங்களுக்குக் கொள்ளு இருக்கிறது. கொங்கு நாட்டில் கொள்ளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு இதழ் போதாது. மழை பொய்த்த வருடத்திலும் மேட்டுக்காட்டில் எதையாவது கொடுத்துவிட்டுப் போகிற பயிர் அது. உழைக்கிற காளைக்கு ஊற வைத்துக் கொடுத்தார்கள், உழைக்கிற மனிதரும் சாப்பிட்டார்கள். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உள்ள தானியம். கொள்ளை இரவே ஊறப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்து வடித்தால் செம்பழுப்பாக ஒரு தண்ணீர் இறங்கும். அதுதான் உயிர். அந்தத் தண்ணீரில் ஒரு தக்காளியைக் கரைத்து, சுண்டைக்காய் அளவு புளி சேர்த்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் கொள்ளு ரசம். வெந்த கொள்ளை வரமிளகாய், கொத்தமல்லி விதை, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. ஒரே அடுப்பில் இரண்டு.

வயிறு நிறைகிற சூப்பாக வேண்டுமென்றால் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். வெந்த கொள்ளில் பாதியை மசித்து ரசத்துக்குள்ளேயே திருப்பி விடுங்கள். கூடவே பொடியாக நறுக்கிய வாழைத்தண்டு. வேலூர்ப் பக்கத்தில் தண்டுக்கு யாரும் காசு பெரிதாகக் கேட்பதில்லை. தார் வெட்டிய மரம் சாய்ந்தே ஆக வேண்டும், தோட்டத்துக்காரரிடம் கேட்டால் “எடுத்துட்டுப் போங்க சாமி” என்பார்கள். பட்டையை உரித்து உள்தண்டை வட்டமாக நறுக்கும்போது நார் இழுத்துக்கொண்டே வரும். அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட வேண்டும். நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். இந்த நார் எடுக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். யாருடைய நார் நீளம் என்று போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

இன்னும் கெட்டியாக வேண்டுமென்பவர்கள் கடைப் பாக்கெட்டில் சோளமாவு தேட வேண்டியதில்லை. சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றி மரவள்ளி விளைந்துதான் நாட்டுக்கு ஜவ்வரிசி போகிறது. மரவள்ளியைத் தோல் சீவித் துண்டு போட்டு, தனியாக நன்றாக வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுக் கிழங்கை மட்டும் சாற்றில் சேருங்கள். பச்சைக் கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய பொருள் கொஞ்சம் இருக்கும், அதனால் இந்த ஒரு காரியத்தில் அவசரம் வேண்டாம். நாலு துண்டைக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிட்டால் சாறு தானாகவே இறுகும், மீதித் துண்டுகள் வாயில் அகப்படும்.

கீரை சேர்ப்பதானால், முருங்கைக் கீரையை இறக்குகிற நேரத்தில் போட்டு மூடாமல் வையுங்கள், பச்சை மாறாது. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அகத்தி நட்டிருப்பார்கள். துவாதசிக்கு அகத்திக்கீரை தேடுகிற வேலூர்க்காரர்களுக்கு அலைச்சலே கிடையாது. அதையும் தேங்காய்ப்பாலோடு தண்ணிச் சாறாக வைக்கலாம். தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அகத்தியைக் கொடுப்பதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம்.

முடவாட்டுக்கால் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள், வழியில் அந்தக் கிழங்கு சூப்பை ஒரு டம்ளராவது குடிக்காமல் திரும்புவதில்லை. பழுப்பு மயிர் மூடிய அந்தக் கிழங்கை வெட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் ஆட்டின் கால் என்றே தோன்றும். உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் பற்றி வளர்கிற ஒரு பெரணியின் தண்டு. மயிரைச் சீவி, நறுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஆட்டுக்கால் சாயலிலேயே ஒரு சாறு. மூட்டுவலி தீரும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். அதன் சாரம் வீக்கத்தைக் குறைக்கிறதா என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி மூட்டுக்கான மருந்தை நிறுத்திவிட வேண்டாம். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பெரணியின் தண்டை வெட்டினால் செடியே போகிறது. பாறையில் அது மீண்டும் பரவி நிறைய ஆண்டுகள் ஆகும். மலைக்குப் போனால் அங்கேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வாருங்கள். ஊருக்கு வந்து பங்காளி வீட்டுக்கெல்லாம் கொடுக்கப் பை நிறைய வாங்கி வராதீர்கள். கீழே நமக்குக் கொள்ளும் தண்டும் இருக்கின்றன.

எல்லோரும் சேர்ந்து குடிப்பது பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். இதற்கு எனக்கு வழிகாட்டி யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ். பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கீரை எல்லாம் ஒரே பானையில் போட்டு, செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். நம் ஊர் மரவள்ளி அங்கேயும் கூழில் கிடப்பது எனக்கு ஒரு சந்தோஷம். அதை யாரும் ஒருவருக்காகக் காய்ச்சுவதில்லை. உறவும் அயலும் முற்றத்தில் கூடி உட்காருவார்கள், பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றி ஊற்றிக் குடிப்பார்கள். இலங்கைப் போரால் டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போன குடும்பங்கள் இன்றும் ஒடியல் மாவைத் தேடி வாங்கிக் கூழ் காய்ச்சுகின்றன. அங்கே பனையோலை கிடைக்காது. கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறார்கள், ஆனால் ஆள் கூடாமல் கூழ் காய்ச்சுவதில்லை.

நம் வீட்டில் சாறு வைத்தால் யாருக்கு முதலில் ஊற்றுகிறோம்? வீட்டுக்காரருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு. நல்ல துண்டெல்லாம் அவர்களுக்கு. இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றவளுக்குச் சட்டியின் அடியில் ஆறிப்போன கால் டம்ளர், அதுவும் இருந்தால். செலவு ரசத்தைப் பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுக்கிற சமூகம், பேறுகாலத்து நாற்பது நாள் முடிந்ததும் அவளை மறந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் அம்மாவுக்கு எலும்பு சூப் பிடிக்குமா பிடிக்காதா என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. “எனக்கு வேண்டாம் கண்ணு, நீங்க குடிங்க” என்று அவர் சொன்னதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு வளர்ந்துவிட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சாறு வைக்கிற மாலையில் வெங்காயம் உரிப்பதை ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். நார் எடுப்பது பிள்ளைகளுக்கு. மிளகு இடிப்பது வீட்டு ஆண்களுக்கு. நுரை எடுக்கிற பத்து நிமிடம் மட்டும் அடுப்பருகே ஆள் வேண்டும். மற்ற நேரம் சட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இறக்கியதும் கிண்ணங்களை வரிசையாக வைத்து, எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகே குடிக்கத் தொடங்குங்கள். முதல் கிண்ணம் சமைத்தவர் கைக்குப் போகட்டும். உப்பு உறைப்பு சரியா என்று பார்க்க வேண்டியவர் அவர்தானே.

உடம்பு சம்பந்தமாகச் சில விஷயங்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. பாக்கெட் சூப்பில் உப்பு தூக்கலாக இருக்கும், வீட்டுச் சாற்றில் அது நம் கையில் இருக்கிறது. இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு உப்புப் போடும் முன்பே மொண்டு வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்களுக்கு எலும்புச் சாறு ஆகாது, அவர்கள் வாழைத்தண்டுப் பக்கம் வந்துவிடலாம். நோயாளி என்று ஒருவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் குடிக்க வேண்டாம், அவருக்கு ஏற்ற சட்டியை எல்லோருக்குமாக வைத்தால் போயிற்று.

மீந்ததை இரவு முழுதும் அடுப்பு மேலேயே விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் வெக்கைக்கு எலும்புச் சாறு சீக்கிரம் கெடும். அகலமான பாத்திரத்தில் மாற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே படிந்திருக்கும் கொழுப்பில் வேண்டாததை எடுத்துவிட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, இரண்டு முட்டையை அடித்து மெல்லிய நூலாக ஊற்றிக் கலக்கினால் அது இன்னொரு சூப். கொஞ்சம் அரிசியும் பருப்பும் போட்டு அந்தச் சாற்றிலேயே குழைய வேக வைத்தால் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு ஆயிற்று. அரிசிம் பருப்பு சாப்பிட்டு வளர்ந்த கொங்குப் பிள்ளைகள் இதை மறுக்கமாட்டார்கள்.

அடுத்த இதழில் நான்கு பக்கங்களை வாசகர்களின் சாற்றுச் சட்டிக்காக ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எதைப் போடுகிறீர்கள், எந்த மாதத்தில் வைக்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று எழுதுங்கள். அளவு படியிலும் ஆழாக்கிலும் இருந்தால் அப்படியே எழுதலாம், கிராமாக மாற்றிக்கொள்வது எங்கள் வேலை. குறிப்பாக, செலவு ரசத்துக்குச் செலவு சாமான் எதெது எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. மோகனூர்க் கணக்கு வேறு, திருச்செங்கோட்டுக் கணக்கு வேறு. அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிற பெரியவர்களிடம் இந்த மாதமே உட்கார்ந்து எழுதி வாங்கி அனுப்புங்கள். வந்து சேர்கிற ஒவ்வொரு பட்டியலையும் ஊர்ப் பெயரோடு அச்சிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்